கற்பனைச் சமூகத்தைக் கட்டி மிகுபுனைவு நாவலின் முதல் வரைவை முடிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

மிகுபுனைவு (ஃபேண்டஸி) எழுத முனையும் புதியவர்களின் கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும்போது, பலரும் ஒரே இடத்தில் நின்றுவிடுவதைக் காண்கிறேன். வண்ண வரைபடம் தயாராக இருக்கும், தெய்வங்களின் பட்டியல் இருக்கும், ஆயிரம் ஆண்டு அரச வம்சாவளியும் இருக்கும்; நாவல் மட்டும் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டியிருக்காது. உழைப்பிலோ கற்பனையிலோ அவர்களிடம் குறையில்லை. எதை முதலில் தீர்மானிக்க வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்ற வரிசை தெரியாமல் இருப்பதுதான் தடை.

அந்த வரிசையை இங்கே தருகிறேன். விளக்கத்துக்காக ஒரே கற்பனைச் சமூகத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை பயன்படுத்துகிறேன்: மழை குறைந்த மேட்டுநிலம் ஒன்றில், ஒன்றன் கீழ் ஒன்றாக அமைந்த தலையேரி, நடுவேரி, கடையேரி ஆகிய மூன்று ஏரிகளை நம்பி வாழும் மூன்று ஊர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு கோப்புகள் போதும். ஒன்றில் நாவல், மற்றொன்றில் உலகக் குறிப்புகள். குறிப்புகளை நாவல் கோப்பிலேயே எழுதினால், சில வாரங்களில் எது கதை, எது திட்டம் என்று உங்களுக்கே பிரித்தறிய முடியாமல் போகும்.

நாவலின் நீளத்தையும் நாளொன்றுக்கு எழுதக்கூடிய அளவையும் முன்பே முடிவு செய்யுங்கள். 70,000 சொற்கள் கொண்ட வரைவை நாளுக்கு 500 சொற்கள் வீதம் எழுதினால் 140 எழுத்து நாள்கள் ஆகும். வேலைக்குச் செல்பவர் வாரம் ஐந்து நாள் எழுதினால் அது ஏழு மாதத்தை நெருங்கும். இந்தக் கணக்கை முதலிலேயே போடுவதற்குக் காரணம் உண்டு: இரண்டாம் மாதத்தில் வரும் சோர்வை, கதை சரியில்லை என்பதற்கான அறிகுறியாகப் பலர் எடுத்துக்கொண்டு புதிய உலகம் ஒன்றைத் தொடங்கிவிடுகிறார்கள். உலகை உருவாக்கும் வேலைக்கும் ஒரு கெடு வையுங்கள். நான்கு வாரத்துக்கு மேல் வேண்டாம்.

2. நாவலின் சிக்கலை ஒரே பத்தியில் எழுதுங்கள்

உலகைத் தொடும் முன், யார் எதை விரும்புகிறார், அதை அடைவதால் யாருக்கு என்ன இழப்பு என்பதை நான்கைந்து வாக்கியங்களில் எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் அது இப்படி அமையும்: தலையேரி ஊரைச் சேர்ந்த கானல் என்ற பெண்ணுக்கு நிலத்தடி நீரை மேலே அழைக்கும் ஆற்றல் இருக்கிறது. காய்ந்த வயலைக் காப்பாற்ற அவள் அழைக்கும் நீர், கடையேரியில் யாரோ ஒருவரின் கிணற்றிலிருந்து வருகிறது. அந்தக் கிணறு யாருடையது என்பதை ஒருநாள் அவள் நேரில் காண்கிறாள்.

இந்தப் பத்தி முதலில் இருந்தால், உலகின் எந்தப் பகுதியை ஆழமாகத் தோண்ட வேண்டும் என்பது தானாகத் தெரியும். மேலே உள்ள கதைக்கு நீர்ப் பங்கீட்டுச் சட்டம் வேண்டும், ஏரி பராமரிப்பு வேண்டும், ஊர்களுக்கிடையிலான திருமண உறவு வேண்டும். கடற்படை வேண்டாம். கடற்படை பற்றி முப்பது பக்கம் எழுதிவைத்தவர் அதை எப்படியாவது கதையில் நுழைக்கப் பார்ப்பார். கதை அங்கே திசைமாறும்.

3. நிலமும் பொழுதும்

நம் அகப்பொருள் இலக்கணம் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று வகுத்த முறை, உலகைக் கட்டுபவருக்கு இன்றும் கைகொடுக்கும். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கருப்பொருள். மனிதர்களுக்கிடையே நிகழ்வது உரிப்பொருள். புதியவர்கள் பெரும்பாலும் கருப்பொருளில் தொடங்குகிறார்கள். விசித்திரமான விலங்கும் வியப்பூட்டும் தெய்வமும் அங்கேதான் கிடைக்கின்றன. ஆனால் அந்த விலங்கு எதை மேய்கிறது, அந்தத் தெய்வத்துக்கு எந்த மாதத்தில் படையலிட விளைச்சல் இருக்கும் என்று கேட்டால் விடை இருக்காது.

ஆகவே முதற்பொருளிலிருந்து தொடங்குங்கள். ஆண்டில் எத்தனை நாள் மழை, எந்தத் திசையிலிருந்து, அது பொய்த்தால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும் என்ற மூன்றையும் எழுதுங்கள். நம் மேட்டுநிலத்தில் ஆண்டுக்கு நாற்பது நாள் மழை. தலையேரி நிரம்பி, மிகுநீர் வெளியேறும் கல்கட்டான கலிங்கு வழிந்தால்தான் நடுவேரிக்கு நீர்; நடுவேரி வழிந்தால்தான் கடையேரிக்கு. இந்த ஒரு விவரமே மூன்று ஊர்களின் அதிகாரப் படிநிலையை உருவாக்கிவிடுகிறது.

தூரத்தை நாள் நடையில் குறியுங்கள். மனிதர் ஒரு நாளில் 25 முதல் 30 கிலோமீட்டர் வரை நடக்கலாம். பாரம் ஏற்றிய மாட்டுவண்டி மணிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் செல்லும். ஒரு செய்தி அடுத்த ஊருக்குச் சென்றுசேர எத்தனை நாளாகும் என்பது தெரியாவிட்டால், பாத்திரங்கள் நினைத்த மாத்திரத்தில் தோன்றி மறைவார்கள். காத்திருப்பின் பதற்றம் கதையில் இருக்காது.

படை நடத்துபவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். 5,000 வீரர்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ தானியம் என்றால் முப்பது நாளுக்கு 75 டன். வண்டிக்கு அரை டன் என்று கொண்டால் 150 வண்டிகள், 300 மாடுகள். அந்த மாடுகளுக்குத் தீவனம் தனி. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு பலர் போரையே சுருக்கிவிடுகிறார்கள், கதைக்கு அது நன்மையாகவே முடிகிறது.

4. எது போதவில்லை, யார் பங்கிடுகிறார்?

முழு வழிகாட்டியிலும் முக்கியமான படி இதுதான். ஒரு சமூகத்தின் சட்டம், சடங்கு, திருமணம், வசைச்சொல் அனைத்தும் அங்கே எது குறைவாக இருக்கிறதோ அதைச் சுற்றியே வளர்கின்றன. எல்லாம் நிறைந்த நாட்டைப் படைத்தால் அங்கே யாருக்கும் யாரோடும் பேச்சுவார்த்தை நடத்த வேண்டிய தேவை இருக்காது. வெளியிலிருந்து ஓர் அரக்கனைக் கொண்டுவந்தால்தான் கதை நகரும். பெரும்பாலான தொடக்க நாவல்களில் அரக்கன் வருவதற்குக் காரணம், உள்ளுக்குள் மோதலே இல்லாத இந்த வறுமைதான்.

பற்றாக்குறையான பொருளைத் தேர்ந்தெடுத்தபின் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். அதை அளப்பவர் யார்? அளவு சரியில்லை என்று முறையிட யாரிடம் செல்ல வேண்டும்? பராமரிக்கும் உடல் உழைப்பு யாருடையது? பங்கே இல்லாதவர் யார்?

நம் ஊர்களில் முறை வைத்து நீர் பாய்ச்சும் பொறுப்பு முறைக்காரருக்கு உரியது. மதகைத் திறப்பவரும் அவரே. கோடையில் வண்டல் அள்ளுவதும் கரை உயர்த்துவதும் வீட்டுக்கு ஓர் ஆள் என்ற கணக்கில் நடக்கும். ஆனால் நிலமில்லாத குடும்பங்களும் ஆள் அனுப்ப வேண்டும், அவர்களுக்கு வண்டலில் மட்டும் பங்கு, நீரில் இல்லை. இந்த அநீதியை நான் எழுதும்போதே இரண்டு பாத்திரங்கள் பிறந்துவிடுகிறார்கள்: கரை உடையும் இரவில் வேலைக்கு வர மறுக்கும் ஒருவர், அவரை அழைக்கச் செல்லும் முறைக்காரர்.

மேலே இருப்பவர் எப்போதும் கொடியவர், கீழே இருப்பவர் எப்போதும் பாதிக்கப்பட்டவர் என்று எளிமைப்படுத்தாமல் இருக்க, உண்மையான ஏற்பாடுகளைப் படித்துப் பாருங்கள். பாலித் தீவின் சுபக் பாசன முறையில் மேல்நிலத்து உழவர்களும் கீழ்நிலத்து உழவர்களும் நீர்க்கோயில்கள் வழியாக நடவு நாளைச் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். எல்லா வயலும் ஒரே காலத்தில் தரிசாகக் கிடந்தால் பூச்சிகளுக்கு உணவு கிடைக்காமல் அவை குறையும். அந்த நன்மைக்காக மேல்நிலத்தார் கீழ்நிலத்தாருக்கு நீர் விட உடன்படுகிறார்கள். மேல் ஊருக்குக் கீழ் ஊரிடமிருந்து வேண்டியது ஒன்றாவது இருக்கும்படி உங்கள் உலகிலும் அமைத்தால், உறவு உயிர் பெறும்.

5. ஒரு சட்டம், அதன் விதிவிலக்கு, அதை மீறிய ஒருவர்

முழு அரசியல் சாசனம் தேவையில்லை. கதைச் சிக்கலைத் தொடும் ஒரே ஒரு சட்டத்தை நுணுக்கமாக எழுதுங்கள்.

நுணுக்கம் என்றால் எவ்வளவு என்பதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பாருங்கள். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், பொ.ஆ. 919, 921 ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கின்றன. முப்பது குடும்புகள் (ஊரின் தேர்தல் பிரிவுகள்), ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் செய்தல், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருத்தல், வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவை) மேல் வைத்திருத்தல். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது.

ஒரு நாவலாசிரியர் இதில் கவனிக்க வேண்டியது தகுதியின்மைப் பட்டியலை. கணக்குக் காட்டாதவருக்குத் தடை இருக்கிறதென்றால், கணக்குக் காட்டாமல் போனவர்கள் இருந்திருக்கிறார்கள். உறவினருக்கும் தடை என்றால், உறவினரை முன்நிறுத்தும் முயற்சி நடந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம். அது பிராமணர்களின் சபை என்பதும், பெண்களுக்கும் பிறருக்கும் அங்கே இடமில்லை என்பதும் அதே ஆவணத்தின் மறுபக்கம். சட்டத்தை இப்படி எழுதினால், ஒவ்வொரு விதியின் பின்னாலும் ஒரு பழைய வழக்கு நிற்கும்.

நீதி வழங்கும் இடத்தையும் கண்முன் நிறுத்துங்கள். ஸ்பெயினின் வலென்சியாவில் பாசன உழவர்களின் தண்ணீர் நீதிமன்றம் வியாழக்கிழமைதோறும் நண்பகலில் பேராலயத்தின் வாசலில் கூடுகிறது. விசாரணை முழுவதும் வாய்மொழியாகவே நடக்கும். குற்றம்சாட்டப்பட்டவரின் வாய்க்காலைச் சேர்ந்த பிரதிநிதி அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வதில்லை. கிழமை, நேரம், வாசல், பேசும் முறை என்ற நான்கு விவரங்களில் ஒரு காட்சிக்கு வேண்டிய மேடை முழுவதும் அமைந்துவிடுகிறது. நம் எடுத்துக்காட்டில் வழக்கு கலிங்கின் கல்லின்மீது நடக்கட்டும். நீர் வழியும் நாளில் வழக்கே இல்லை.

6. மாயத்தின் விலையை வேறொருவர் தரட்டும்

மாயத்துக்கு எல்லை வேண்டும் என்பதை எல்லாரும் அறிவார்கள். வழக்கமாக அந்த எல்லை, செய்பவரின் களைப்பாகவோ மூக்கில் வழியும் இரத்தமாகவோ முடிந்துவிடுகிறது. அது பலவீனமான தேர்வு. செய்பவர் தன் உடலால் விலை கொடுத்தால், அவர் தியாகி ஆகிவிடுவார்; அவரிடம் கேட்பதற்கு ஊருக்குக் கேள்வியே இருக்காது.

விலை வேறொருவர் மீது விழும்போது மாயம் சமூகப் பிரச்சினையாகிறது. கானல் அழைக்கும் நீர் கடையேரிக் கிணற்றிலிருந்து குறையும் என்று வைத்தவுடன், அழைப்பதற்கு அனுமதி வேண்டும், அனுமதியை மறுக்கும் உரிமை வேண்டும், திருட்டுத்தனமாக அழைத்ததைக் கண்டுபிடிக்கக் கிணற்றில் அளவுக்கோடு வேண்டும் என்று சட்டம், தொழில், சந்தேகம் எல்லாம் அடுத்தடுத்து வந்து நிற்கும்.

மூன்றைக் குறித்துவையுங்கள்: மாயத்தால் என்ன செய்ய முடியாது, எவ்வளவு தூரத்துக்கு எட்டும், எத்தனை பேரிடம் இருக்கிறது. மூன்றாவதைப் பலர் மறக்கிறார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு ஆற்றல் இருந்தால் அது ஒரு தொழிலாகி, கூலியும் சங்கமும் வந்துவிடும். தலைமுறைக்கு ஒருவருக்கு என்றால் அது வதந்தியாகவும் வழிபாடாகவும் மாறும். இரண்டும் வேறு வேறு நாவல்கள்.

7. உறவுச்சொல், மரியாதைச்சொல், பேச்சு, பெயர்

தமிழில் மிகுபுனைவு எழுதுபவருக்கே உரிய சிக்கல்கள் இந்தப் படியில் இருக்கின்றன. இதற்கு ஒரு வாரம் முழுதாக ஒதுக்குங்கள்.

முதலில் உறவுச்சொற்கள். தாயின் உடன்பிறந்தவரையும் கணவரின் தந்தையையும் ‘மாமா’ என்ற ஒரே சொல்லால் நாம் அழைப்பதில், முறைப்பெண், முறைமாப்பிள்ளைத் திருமண வழக்கமே அடங்கியிருக்கிறது. உங்கள் கற்பனைச் சமூகத்தில் அந்த வழக்கம் இல்லையென்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, உரையாடலில் மாமா, அத்தை, அத்தான் என்று எழுதினால், நீங்கள் வெளியே தள்ளிய வழக்கம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். எனவே யார் யாரை மணக்கலாம் என்பதை முதலில் முடிவு செய்து, அதற்குப் பொருந்தும் உறவுச்சொற்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேவையானால் ‘தாயுடன்பிறந்தார்’ போன்ற வெளிப்படையான சொல்லை ஆளலாம். மூன்றாம் முறை வரும்போது வாசகருக்கு அது பழகிவிடும்.

சொத்து வழியையும் இதே இடத்தில் தீர்மானியுங்கள். பெண்வழிச் சமூகம் என்று எழுதினால் அதிகாரமும் பெண்ணிடம் வந்துவிட்டதாகப் பலர் கருதுகிறார்கள். மேகாலயாவின் காசி பழங்குடி மக்களிடையே குடும்ப வீடு கடைசி மகளுக்குச் செல்கிறது. பெற்றோரைக் காக்கும் கடமையும் அவளுக்கே. ஆனால் முக்கிய முடிவுகளில் தாய்மாமனின் சொல்லுக்கு மரபாக எடை உண்டு. வீடு ஒருவரிடம், சொல் மற்றொருவரிடம் என்ற இந்த விரிசலில் ஒரு நாவலுக்கே இடமிருக்கிறது.

அடுத்து நீ, நீர், நீங்கள். யார் யாரை ‘நீ’ என்று அழைக்கலாம் என்று ஓர் அட்டவணை போடுங்கள். முறைக்காரர் நிலமில்லாத முதியவரை ‘நீ’ என்று அழைப்பதும், முதியவர் தம் மகன் வயதுள்ள முறைக்காரரை ‘நீங்கள்’ என்று அழைப்பதும் இரண்டு பக்க விளக்கத்தைச் சேமிக்கும். நாவலின் நடுவில் ஒருநாள் முதியவர் ‘நீ’ என்று சொல்லும்போது வாசகர் நிமிர்ந்து உட்காருவார். அந்த அட்டவணை இல்லாவிட்டால் மரியாதைச்சொல் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறி, அந்தத் தருணமே வீணாகும்.

மூன்றாவது பேச்சுவழக்கு. ஊர் மக்கள் மதுரை வழக்கிலோ நாஞ்சில் வழக்கிலோ பேசினால் வாசகர் உடனே அந்த மண்ணில் போய் இறங்கிவிடுகிறார். எல்லாரும் செந்தமிழில் பேசினாலோ அரச நாடகமாகிவிடுகிறது. நான் பரிந்துரைப்பது, வட்டார அடையாளம் இல்லாத எளிய எழுத்துத் தமிழில் குறுகிய வாக்கியங்களை அமைத்து, ஊருக்கு ஊர் வேறுபாட்டை ஒலித்திரிபால் காட்டாமல் வாக்கிய அமைப்பால் காட்டுவது. தலையேரியார் கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்லட்டும். கடையேரியார் எதையும் நீர் அளவை வைத்தே சொல்லட்டும்.

பெயர்களுக்கு ஒரு விதி வையுங்கள். தலையேரியில் பிறந்த ஆண்டின் மழையை வைத்துப் பெயரிடுவார்கள் என்றால் தூறல், முந்துமழை, கானல் என்று பெயர்கள் வரும். ஒருவரின் பெயரைக் கேட்டவுடன் அவர் பஞ்சத்தில் பிறந்தவரா என்று தெரிந்துவிடும். வாயில் நுழையாத ஒலிக்கூட்டங்களைப் பெயராக்கினால் வாசகர் அதை ஒலிக்காமல் தாண்டிச் செல்வார். வேற்றுமை உருபு சேர்த்துப் பார்க்காமல் எந்தப் பெயரையும் உறுதி செய்யாதீர்கள்: பெயரோடு ‘இன்’, ‘உக்கு’, ‘ஆல்’ சேரும்போது இடறினால் 70,000 சொற்களிலும் இடறும்.

கிழமை, மாதம், உணவு ஆகியவற்றையும் ஒருமுறை சரிபாருங்கள். செவ்வாயும் வெள்ளியும் நம் வானத்துக் கோள்கள்; சித்திரையும் விசாகமும் நம் விண்மீன்கள். வேறு வானம் கொண்ட உலகில் ‘வெள்ளிக்கிழமை’ என்று எழுத முடியாது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல்வழியாக நம்மிடம் வந்தவை. பழந்தமிழகத்தை மாதிரியாகக் கொண்ட உலகில் மிளகாய்த் துவையல் வந்தால் கவனமுள்ள வாசகர் நிற்பார். அங்கே மிளகு போதும்.

8. கதைமாந்தரை அமைப்புக்குள் நிறுத்துங்கள்

ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் நான்காம் படியின் பங்கீட்டில் ஓர் இடம் கொடுங்கள்: அளப்பவர், பெறுபவர், உழைப்பவர், பங்கில்லாதவர். நால்வரும் இல்லாத நாவலில் சமூகத்தின் ஒரு பக்கம் இருட்டாகவே இருக்கும்.

அமைப்பை நியாயமென்று மனமார நம்பும் அறிவாளி ஒருவரும் வேண்டும். அநீதியை ஆதரிப்பவர் எல்லாரும் முட்டாள்களாகவோ கொடியவர்களாகவோ இருந்தால், அந்த அமைப்பு இத்தனை காலம் எப்படி நின்றது என்ற கேள்வி எழும். முறைக்காரர் கணக்கில் நேர்மையானவராக இருக்கட்டும். கானலோடு அவர் மோதும்போது இருவரிடமும் காரணம் இருக்கும்.

9. காட்சிப் பட்டியல்

இப்போது முப்பது முதல் நாற்பது காட்சிகளை, ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில், வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொரு வரியிலும் யார் என்ன முடிவெடுக்கிறார் என்பது இருக்க வேண்டும். ‘திருவிழா நடக்கிறது’ என்பது காட்சியாகாது. ‘திருவிழாவில் முதல் நீரைக் கடையேரிக்கு விட முறைக்காரர் மறுக்கிறார்’ என்பது காட்சி.

பட்டியல் முடிந்ததும் குறிப்புக் கோப்பைத் திறந்து, எந்தக் காட்சிக்கும் பயன்படாத உலக விவரங்களை வேறு கோப்புக்கு மாற்றிவிடுங்கள். அழிக்க வேண்டாம், கண்ணில் படாமல் இருந்தால் போதும்.

10. முதல் வரைவை எழுதும் முறை

முதல் அத்தியாயத்தை ஒரு வழக்கமான நாள் குலையும் இடத்தில் தொடங்குங்கள். உலகம் தோன்றிய வரலாற்றை முன்னுரையாக வைப்பது மிகப் பரவலான தவறு. எந்த மனிதரையும் அறியாத வாசகருக்கு எந்த வம்சமும் நினைவில் நிற்காது.

விவரங்களை, அவை ஒருவருக்குத் தடையாகவோ உதவியாகவோ ஆகும் கணத்தில் மட்டும் கொடுங்கள். மதகின் அமைப்பை விளக்க வேண்டுமென்றால், அது அடைத்துக்கொண்டு ஒருவர் இருட்டில் மூழ்கித் திறக்கும் காட்சியில் விளக்குங்கள். உள்ளூர்க்காரர் இருவர் தமக்கு நன்கு தெரிந்ததை ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ளும் உரையாடலை எழுதாதீர்கள். அது வாசகரை நோக்கிப் பேசப்படுவது உடனே தெரிந்துவிடும்.

எழுதும்போது ஒரு பெயரோ விவரமோ இல்லையென்றால் நிற்காதீர்கள். அடைப்புக்குறிக்குள் ‘பிறகு’ என்று இட்டு, ‘(பிறகு: துணியின் பெயர்)’ என்பதுபோல எழுதித் தொடருங்கள். அந்தச் சொல்லைத் தேடினால் எல்லா இடைவெளிகளும் பின்னர் கிடைத்துவிடும். விவரம் தேடக் கிளம்பிய மாலைகள் பெரும்பாலும் எழுத்துக்குத் திரும்புவதில்லை.

நடுவில் உலக விதி ஒன்றை மாற்ற வேண்டியிருந்தால், பின்னால் சென்று திருத்த வேண்டாம். மாற்றத்தைக் குறிப்புக் கோப்பில் தேதியிட்டு எழுதிவிட்டு, அன்று முதல் புதிய விதிப்படி தொடருங்கள். பின்னோக்கிச் சென்றவருக்கு, அதே விதியை நாவல் முடியும் முன் மறுபடியும் மாற்ற நேரும்; இரண்டு முறை திருத்திய உழைப்பு வீணாகும்.

11. திருத்தும் வரிசை

வரைவை முடித்தபின் சில வாரம் ஒதுக்கிவைத்துவிட்டு, பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்லுங்கள். முதல் வாசிப்பில் காரணகாரியத் தொடர்ச்சி மட்டும். இரண்டாவதில் உலக விதிகள்: மாயத்தின் எல்லை, பயண நாள், நீரின் அளவு, மரியாதைச்சொல் அட்டவணை. மொழித் திருத்தம் கடைசியில். வரிசையை மாற்றி, அழகாகச் செப்பனிட்ட அத்தியாயத்தை நீக்க நேரும்போது கை வராது. நாவல் அந்தச் சுமையோடே நின்றுவிடும்.

பெயர்களைக் கோப்பில் தேடும்போது தமிழுக்குரிய ஒரு கவனம் தேவை. ‘கானல்’ என்று தேடினால் ‘கானலின்’, ‘கானலுக்கு’ ஆகியவை அகப்படாமல் போகலாம். புள்ளி இல்லாமல் ‘கானல’ என்று தேடினால் எல்லா வடிவங்களும் கிடைக்கும். ‘ம்’ என்று முடியும் பெயர்கள் ‘த்து’ என்று திரியும் என்பதால் அவற்றைக் கடைசி எழுத்தை நீக்கித் தேடுங்கள். ஒரு பெயரை மாற்ற முடிவு செய்தால் ‘அனைத்தையும் மாற்று’ கட்டளையை நம்பாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். சந்தி மாறிய இடங்கள் பிழையாகிவிடும்.

12. முதல் வாசகர்களிடம் என்ன கேட்பது

மிகுபுனைவு படிக்கும் ஒருவர், படிக்காத ஒருவர் என இருவரிடமாவது கொடுங்கள். ‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்ற விடைதான் வரும். மாறாக, எந்தப் பக்கத்தில் வாசிப்பை நிறுத்தினீர்கள், கலிங்கில் வழக்கு எப்படி நடக்கும் என்று உங்கள் சொற்களில் சொல்லுங்கள், முறைக்காரரின் இடத்தில் இருந்தால் மதகைத் திறந்திருப்பீர்களா என்று கேளுங்கள்.

வழக்கு நடக்கும் முறையை அவரால் சொல்ல முடியவில்லையென்றால் ஐந்தாம் படியின் விவரங்கள் காட்சிகளில் இறங்கவில்லை. மதகைப் பற்றி இருவரும் தயங்காமல் ஒரே விடையைச் சொன்னால் நான்காம் படிக்குத் திரும்புங்கள்: பங்கீட்டில் ஒரு தரப்பின் நியாயம் இன்னும் எழுதப்படவில்லை.